சீட் கிடைத்துவிட்டது, சேர்க்கலாமா?

கேள்வி:

மேடம், நாங்கள் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் பக்கத்தில் உள்ள இர்விங்கில் இருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. கணவர் ஹெச்-1பி விசாவில் இருக்கிறார். வாடகை அபார்ட்மென்ட். மகள் ஐந்தாவது, மகன் கிண்டர்கார்டன். இருவரும் எங்கள் ஏரியா டிஸ்ட்ரிக்ட் பள்ளியில் (முகவரியை வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி) படிக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லி ஒரு சார்ட்டர் பள்ளிக்கு இருவருக்கும் விண்ணப்பித்தோம். லாட்டரியில் மகளுக்கு ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது. மகன் வெயிட்டிங் லிஸ்டில் 43-வது. அக்கா சேர்ந்துவிட்டால் உடன்பிறந்தவர் முன்னுரிமையில் தம்பி மேலே வந்துவிடுவான் என்கிறார்கள். ஐந்து நாளில் பதில் சொல்ல வேண்டும். "இத்தனை பேர் காத்திருக்கிற சீட்டை யாராவது விடுவார்களா?" என்கிறார் கணவர். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. மகனுக்கு ஸ்பீச் தெரபி நடக்கிறது, ஐ.இ.பி. (அவனுக்கென்று பள்ளி எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம்) இருக்கிறது. பள்ளியைச் சுற்றிப்பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன். அங்கிருந்த ஊழியர், "எங்கள் பாடம் கொஞ்சம் வேகமாகப் போகும், அவனுக்குச் சரிப்பட்டு வருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்" என்றார். மகளுக்கு ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்க ஆசை. அடுத்த தையில் என் தங்கைக்குக் கல்யாணம். டிசம்பர் கடைசியில் ஊருக்குப் போனால் பிப்ரவரி தொடக்கத்தில்தான் திரும்புவோம். இது பிரைவேட் பள்ளி மாதிரியா, சேர்ந்த பிறகு பணம் கேட்பார்களா, இதற்காகக் கோச்சிங் அனுப்ப வேண்டுமா, ஒத்துவராவிட்டால் பழைய பள்ளியில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று எதுவும் விளங்கவில்லை.

பெயர் வேண்டாம், இர்விங்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஐந்து நாள் கெடு. ஆன்லைனில் "ஏற்கிறேன்" என்று அழுத்துவதால் மகளின் பெயர் இப்போதைய பள்ளியிலிருந்து போய்விடாது. சார்ட்டரில் ஆவணங்களைக் கொடுத்துச் சேர்த்து, பழைய பள்ளியில் வித்ட்ராயல் படிவம் எழுதிக் கொடுத்தால்தான் போகும். எனவே இடத்தை ஏற்றுக்கொண்டு, யோசிக்க அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதங்களில் சில டிஸ்ட்ரிக்ட் பள்ளிகள் "அடுத்த வருடம் தொடர்வீர்களா?" என்று ஒரு படிவம் அனுப்பும். அதில் அவசரப்பட்டு "இல்லை" போட்டுவிடாதீர்கள். சார்ட்டர் வேண்டாம் என்று முடிவானால் அன்றைக்கே அங்கே சொல்லிவிடுங்கள். ஆகஸ்ட் வரை இரண்டு இடத்தையும் பிடித்துவைத்திருக்கும் பெற்றோர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இன்னொரு வீட்டுப் பிள்ளைதான் பட்டியலில் கிடந்து தவிக்கும்.

அடுத்து உங்கள் கணவரின் வாதம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்து, கட் ஆஃப் பார்த்து, கவுன்சிலிங்குக்குப் போய் வளர்ந்தவர்கள் நாம். கிடைப்பது அரிது என்றால் அது உயர்ந்தது என்று நம் மனது தானாகவே கணக்குப் போட்டுவிடும். இங்கே அந்தக் கணக்கு உதவாது. உங்கள் மகளை அந்தப் பள்ளி தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கலில் அவள் எண் வந்தது, அவ்வளவுதான். 43 பேர் வரிசையில் நிற்பதும் பள்ளியின் தரத்துக்குச் சான்று ஆகாது. ஒரே குடும்பம் நான்கைந்து சார்ட்டர்களுக்கு விண்ணப்பிக்கும். விண்ணப்பிக்கப் பணம் இல்லை, பரீட்சை இல்லை, பத்து நிமிடம் போதும். ஒரே பிள்ளையின் பெயர் ஐந்து பட்டியல்களில் இருக்கும். ஜூன், ஜூலையில் அந்தப் பட்டியல்கள் மளமளவென்று கரைவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

சார்ட்டர் என்பது தனியார் பள்ளி இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப்பள்ளி. கல்விக் கட்டணம் கிடையாது, மதபோதனை கிடையாது, மாநிலத்தின் ஸ்டார் தேர்வை இங்கேயும் எழுத வேண்டும். வேறுபாடு நிர்வாகத்தில் இருக்கிறது. டிஸ்ட்ரிக்டை நடத்துவது ஊர்மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய போர்டு. சார்ட்டரை நடத்துவது பெரும்பாலும் ஒரு லாபநோக்கற்ற அமைப்பு. அது மாநிலத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, சில விதிகளிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக இன்ன தரத்தைக் காட்டுவோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. நம்மூர் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும்.

மினசோட்டாவில் 1991-இல் இதற்கான முதல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. டெக்சஸ் 1995-இல் சட்டம் போட்டது. இந்த யோசனையை 1988-இல் நாடெங்கும் பேசவைத்தவர் ஆல்பர்ட் ஷாங்கர் என்ற ஆசிரியர் சங்கத் தலைவர். இன்று சார்ட்டர்களை முன்னின்று எதிர்ப்பவையும் ஆசிரியர் சங்கங்களே! இப்போது நாடு முழுவதும் சுமார் 37 லட்சம் பிள்ளைகள் சார்ட்டர்களில் படிக்கிறார்கள்.

"சார்ட்டர் நல்லதா?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, எந்த சார்ட்டர் என்று திருப்பிக் கேட்பேன். டெக்சஸை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் ஹூஸ்டனில் ஒரு வகுப்பறைத் திட்டமாகத் தொடங்கிய கிப், அறிவியலும் கணிதமும் முன்னிறுத்தும் ஹார்மனி, லத்தீன் சொல்லிக்கொடுக்கும் கிரேட் ஹார்ட்ஸ், பாடச் சுமைக்குப் பெயர்போன பேஸிஸ், எல்லாமே சார்ட்டர்தான். ஒப்பந்தம் என்ற ஒன்றைத் தவிர இவற்றுக்குள் பொதுவாக எதுவும் இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் 2009-இல் பல மாநிலங்களை ஆராய்ந்தபோது, கணிதத்தில் 17 சதவீத சார்ட்டர்கள் பக்கத்துப் பொதுப்பள்ளிகளைவிட மேலாகவும் 37 சதவீதம் கீழாகவும் இருந்தன. மீதி ஏறக்குறைய சமம். அதே மையத்தின் 2023 அறிக்கையில் நிலைமை தேறியிருந்தது. ஒரு கல்வியாண்டில் வாசிப்பில் 16 நாள் படிப்புக்கும் கணிதத்தில் 6 நாள் படிப்புக்கும் ஈடான அளவு சார்ட்டர் பிள்ளைகள் சராசரியாக முன்னே இருந்தார்கள். ஆறு நாள்! இதற்காகத்தான் நம்மவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை விவாதிக்கிறார்கள். முழுக்க ஆன்லைனில் நடக்கும் சார்ட்டர்கள் மட்டும் படுமோசம் என்பதையும் அதே அறிக்கை காட்டியது. அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள்.

கோச்சிங் பற்றிக் கேட்டீர்கள். டெக்சஸ் சட்டப்படி பிள்ளையின் படிப்புத் திறன், விளையாட்டுத் திறன், ஊனம், இனம், மதம், எந்த டிஸ்ட்ரிக்டில் வசிக்கிறது என்பது போன்ற எதையும் காரணம் காட்டி சார்ட்டர் சேர்க்கையை மறுக்க முடியாது. இசை, நாட்டியம், நாடகம் போன்ற கலைகளுக்கென்றே உள்ள பள்ளிகள் மட்டும் திறனைச் சோதித்துப் பார்க்கலாம். ஆகவே நுழைவுத்தேர்வு கிடையாது. "சார்ட்டர் அட்மிஷன் பயிற்சி" என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் அவர் விற்பது உங்கள் பயத்தைத்தான். சேர்ந்த பிறகு எந்த நிலை கணிதத்தில் உட்காரவைப்பது என்று பார்க்க ஒரு தேர்வு வைப்பார்கள், அது வேறு. சட்டம் கொடுக்கும் ஒரு விதிவிலக்கு: முந்தைய பள்ளியில் பதிவான பெரிய ஒழுங்கு நடவடிக்கை இருந்தால், டெக்சஸ் சார்ட்டர் அந்தப் பிள்ளையை மறுக்கலாம். டிஸ்ட்ரிக்ட் பள்ளிக்கு அந்த வசதி இல்லை.

இனி உங்கள் மகன். அந்த ஊழியர் சொன்ன வார்த்தையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். டிஸ்ட்ரிக்ட் பள்ளியிலும் சார்ட்டரிலும் மாணவர் ஆலோசகராக இருந்தவள் என்பதால் சொல்கிறேன், இது அந்தத் தொழிலில் தெரிந்த சங்கதி. "வேண்டாம்" என்று சொன்னால் சட்டம் பாயும். அதனால் "சரிப்பட்டு வருமா என்று யோசியுங்கள்" என்பார்கள். நல்ல பேச்சு, சிரித்த முகம், சில நேரம் உண்மையான அக்கறையும் இருக்கும். ஆனால் பெற்றோர் தாங்களாகவே விலகிக்கொள்வார்கள், பள்ளிக் கணக்கில் மறுப்பு எதுவும் பதிவாகாது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கான மத்தியச் சட்டம் டிஸ்ட்ரிக்டுக்கு எப்படியோ அப்படியே சார்ட்டருக்கும் பொருந்தும். டெக்சஸில் ஒவ்வொரு சார்ட்டர் அமைப்பும் தனி டிஸ்ட்ரிக்ட் மாதிரியே கணக்கு. எனவே "எங்களிடம் தெரபிஸ்ட் இல்லை, உங்கள் ஐ.எஸ்.டி.யைக் (ஊர்ப் பள்ளி டிஸ்ட்ரிக்டை) கேளுங்கள்" என்று கைகழுவ முடியாது. மகனுக்கு இடம் கிடைத்தால், இப்போதைய ஐ.இ.பி.யில் வாரத்துக்கு எத்தனை நிமிடம் தெரபி என்று எழுதியிருக்கிறதோ அதற்கு ஈடானதை அவர்கள் கொடுக்கத் தொடங்கியாக வேண்டும். பிறகு ஏ.ஆர்.டி. மீட்டிங் (ஐ.இ.பி.யை முடிவுசெய்யும் குழுவின் கூட்டம்) கூட்டி, உங்களையும் உட்காரவைத்துத்தான் எதையும் மாற்ற முடியும்.

அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் கோபப்படாமல் ஒரே ஒரு வரி கேளுங்கள்: "இப்போது சொன்னதை ஈமெயிலில் அனுப்பமுடியுமா?" பெரும்பாலும் பேச்சின் தொனியே மாறிவிடும். மாறாவிட்டால், மாநிலக் கல்வித்துறையான டி.இ.ஏ.வில் புகார் கொடுக்கலாம், ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் விசா நிலை இதற்கெல்லாம் தடையே இல்லை. பிள்ளைகளின் குடியேற்ற நிலையைப் பார்த்துப் பொதுப்பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்புச் சொன்னதே டெக்சஸ் வழக்கில்தான்.

உரிமை ஒரு பக்கம். நாளைக்கு அவனுக்குத் தெரபி ஒழுங்காக நடக்குமா என்பது இன்னொரு பக்கம். பெரிய டிஸ்ட்ரிக்டில் ஸ்பீச் தெரபிஸ்ட் பெரும்பாலும் பள்ளியிலேயே இருப்பார், ஆசிரியரோடு தினமும் பேசுவார். சிறிய சார்ட்டர்கள் வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் ஒருவரை வரவழைப்பது சகஜம். சில இடங்களில் கணினித் திரை வழியாகத்தான் தெரபி. அதுவும் சட்டப்படி சரிதான். ஆனால் ஐந்தாறு வயதுப் பையனுக்கு எது உதவும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரபிஸ்ட் யார், வாரத்தில் எத்தனை நாள் நேரில் வருகிறார், போன வருடம் அந்தப் பொறுப்பில் எத்தனை பேர் மாறினார்கள் என்று கேளுங்கள்.

மகளுக்கு வருவோம். ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்தது என்கிறீர்கள். ஐந்தாம் வகுப்பு வரை அதே பள்ளியில் படித்த பிள்ளைகள் இருக்கையில், ஆறாவதில் இடம் எப்படிக் காலியானது? புதிய பிரிவு தொடங்குகிறார்களா, யாரும் போய்விட்டார்களா? டி.இ.ஏ. ஆண்டுதோறும் ஒவ்வொரு பள்ளிக்கும் "டேப்பர்" என்று ஓர் அறிக்கை வெளியிடுகிறது. ஏ முதல் எஃப் வரை எழுத்துத் தரம் போடும் பக்கத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் டேப்பரில் வகுப்புவாரியான மாணவர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆறாவதில் நூறு பேரும் பன்னிரண்டாவதில் முப்பது பேரும் இருந்தால், அந்த எழுபது பேர் எங்கே போனார்கள் என்பதுதான் அந்தப் பள்ளியின் கதை. தேசியத் தரவரிசையில் மின்னும் சில பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்பு மிகச் சிறியது; கடைசிவரை தாக்குப்பிடித்த பிள்ளைகளின் மதிப்பெண்ணைத்தான் நாம் பார்த்து வியக்கிறோம். உங்கள் மகள் தாக்குப்பிடிக்கக்கூடிய பெண்ணாகவும் இருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அறிக்கையைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

அதே அறிக்கையில் ஆசிரியர்களின் சராசரி அனுபவமும், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதும் இருக்கும். டெக்சஸ் சார்ட்டரில் ஆசிரியராக இளநிலைப் பட்டம் போதும். சிறப்புக் கல்விக்கும் இருமொழிக் கல்விக்கும் மட்டும் மாநிலச் சான்றிதழ் கட்டாயம். நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்புக்கு 22 பேர் என்ற மாநில வரம்பும் சார்ட்டருக்கு இல்லை. (நியாயமாகச் சொல்ல வேண்டும்: "டிஸ்ட்ரிக்ட் ஆஃப் இன்னொவேஷன்" என்ற 2015 சட்டத்தின் வழியாகப் பல ஐ.எஸ்.டி.களும் இதே விலக்குகளை வாங்கிவைத்திருக்கின்றன.) சான்றிதழ் இல்லாத அருமையான கணித வாத்தியார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மார்ச் மாதத்தில் வேலையை விட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

வயலின் விஷயத்தைச் சின்ன ஆசை என்று தள்ளிவிடாதீர்கள். டெக்சஸ் டிஸ்ட்ரிக்ட் பள்ளிகளில் பேண்டும் ஆர்கெஸ்ட்ராவும் பெரிய அளவில் நடக்கும். பெரும்பாலான இடங்களில் ஆறாவதில்தான் சேர்க்கை. அந்த வருடம் தவறினால் ஏழாவதில் புதிதாகத் தொடங்குவது கடினம். சார்ட்டரில் ஆர்கெஸ்ட்ரா இருக்கிறதா, வகுப்பு நேரத்திலா, பள்ளி முடிந்து காசு கொடுத்தா என்று கேளுங்கள்.

இப்போது யாரும் சொல்லாத விஷயம்: உங்கள் தங்கை கல்யாணம். குளிர்கால விடுமுறை ஜனவரி முதல் வாரத்தில் முடிந்துவிடும். நீங்கள் பிப்ரவரியில் திரும்பினால் பிள்ளைகள் நான்கு வாரம்போல, ஏறக்குறைய இருபது பள்ளி நாட்கள் வர மாட்டார்கள். டெக்சஸில் வகுப்பு நடந்த நாட்களில் 90 சதவீதம் வந்திருக்க வேண்டும். வருடத்தில் பள்ளி சுமார் 170 நாள் என்றால் 17 நாளிலேயே அந்த எல்லை வந்துவிடும். கல்யாணம் மன்னிக்கப்பட்ட விடுப்பில் சேராது. டெக்சஸ் மாநிலம் பள்ளிக்குப் பணம் கொடுப்பதே சராசரி தினசரி வருகையை வைத்து என்பதால், எல்லாப் பள்ளியும் இதில் கறாராகத்தான் இருக்கும். டிஸ்ட்ரிக்ட் பள்ளி, நீண்ட விடுப்பு என்றால் பெயரை எடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் சேர்க்கச் சொல்லலாம். எரிச்சலான வேலைதான், ஆனால் உங்கள் முகவரி அந்த எல்லைக்குள் இருக்கும்வரை டிஸ்ட்ரிக்ட் பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும். சார்ட்டரில் பெயர் போனால் இடமும் போய்விடும். அடுத்த வாரமே காத்திருப்போர் பட்டியலில் இருந்து ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்துவிடும். பல சார்ட்டர்களின் கையேட்டில் இத்தனை நாள் தொடர்ந்து வராவிட்டால் நீக்கப்படும் என்று ஒரு வரி இருக்கும். சேர்வதற்கு முன் அதைத் தேடிப் படியுங்கள். இந்தியப் பயணத்தால் சார்ட்டர் இடத்தை இழந்த குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே சில உண்டு, ஒவ்வொன்றும் ஏர்போர்ட்டில் இறங்கிய பிறகுதான் அந்த ஈமெயிலைத் திறந்தது.

பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்விக் கட்டணம் இல்லை. சீருடை உண்டு, களப்பயணச் செலவு உண்டு. சில பள்ளிகள் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பிள்ளைக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டாலர் கொடுங்கள் என்று கடிதம் அனுப்பும். அது விருப்ப நன்கொடை. கொடுக்காவிட்டால் உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, ஊரில் "டொனேஷன்" கட்டிப் பழகிய பயத்தில் கடன் அட்டையைத் தேய்த்துவிடாதீர்கள். உண்மையான செலவு போக்குவரத்தில்தான். டெக்சஸ் சார்ட்டர்கள் பேருந்து விடவேண்டிய கட்டாயம் இல்லை. காலையிலும் மாலையிலும் கார் வரிசையில் நிற்கப்போவது யார்? உங்களுக்கு ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா, வீட்டில் இரண்டாவது கார் இருக்கிறதா? ஒரு பிள்ளை அங்கே, இன்னொன்று இங்கே என்றால் இரண்டு பள்ளிகளும் தொடங்கும், விடும் நேரங்கள் ஒத்துவருமா? இதைக் கணவரோடு உட்கார்ந்து கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். சார்ட்டரை விட்டு வருகிற பல குடும்பங்களை நான் கேட்டிருக்கிறேன், பாடம் பிடிக்காமல் வந்தவர்களைவிட கார் ஓட்டிக் களைத்து வந்தவர்கள் அதிகம்.

திரும்பச் சேர்ப்பார்களா என்ற கேள்விக்குப் பதில் முன்பே வந்துவிட்டது: டிஸ்ட்ரிக்ட் சேர்த்தாக வேண்டும். ஒரு திருத்தம் உண்டு. டிஸ்ட்ரிக்ட் சேர்க்கும், ஆனால் பழைய அதே பள்ளியில் இடம் நிரம்பியிருந்தால் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பலாம். இருமொழிக் கல்வி, மேக்னெட் போன்ற சிறப்புத் திட்டத்தில் பிள்ளை இருந்தால் அந்த இடம் திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஒழுங்குப் பிரச்சினையிலும் வேறுபாடு உண்டு. டிஸ்ட்ரிக்ட் பெரும்பாலும் மாற்றுப் பள்ளிக்கு அனுப்பும். சார்ட்டர் தன் சொந்த நடத்தை விதிப்படி வெளியேற்றலாம். வெளியேறிய பிள்ளை வந்து நிற்பதும் டிஸ்ட்ரிக்ட் வாசலில்தான்.

பள்ளியே மூடப்படுமா என்ற பயமும் சிலருக்கு இருக்கும். 2013 சட்டப்படி, தொடர்ந்து மூன்று ஆண்டு கல்வியிலோ நிதியிலோ தேறாத சார்ட்டரின் ஒப்பந்தத்தை மாநிலம் ரத்து செய்தாக வேண்டும். பெரிய அமைப்பு என்றால் கவலை இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐடியா என்ற பெரிய சார்ட்டர் அமைப்பின் போர்டு 2019-இல் தனி விமானம் வாடகைக்கு எடுக்க ஒப்புதல் கொடுத்து, எதிர்ப்பு வந்து கைவிட்டது. 2024-இல் மாநிலம் அங்கே கண்காணிப்பாளர்களை நியமித்தது. அதன் வகுப்பறைகளில் நல்ல ஆசிரியர்கள் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. போர்டு எங்கே கூடுகிறது, கூட்டம் எப்போது என்று தெரிந்துவைத்திருங்கள், சட்டப்படி அது பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம். ஹெச்-1பி குடும்பத்துக்கு டிஸ்ட்ரிக்ட் போர்டு தேர்தலிலும் ஓட்டு இல்லை, ஆனால் கூட்டத்தில் எழுந்து பேச யாருடைய அனுமதியும் வேண்டாம்.

சார்ட்டருக்கு ஆதரவாக ஒன்று சொல்லியாக வேண்டும், உங்களைப் போன்ற வாடகைக் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். இர்விங்கிலேயே தெரு மாறினால் ஐ.எஸ்.டி. மாறும்: இர்விங், காப்பெல், கேரல்டன்-ஃபார்மர்ஸ் பிராஞ்ச் என்று மூன்று டிஸ்ட்ரிக்ட் அந்த ஊரைப் பங்குபோட்டிருக்கின்றன. லீஸ் முடிந்து வாடகை ஏறினால் வீடு மாற்றுவீர்கள், பிள்ளைக்குப் பள்ளியும் மாறும். சார்ட்டருக்கு ஒப்புதல் பெற்ற எல்லை அதைவிட அகலம்; அதற்குள் எங்கே குடிபோனாலும் பள்ளி அதேதான். இரண்டு மூன்று வருடத்தில் வீடு வாங்கி எங்கேயோ போவோம் என்று இருக்கிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே சார்ட்டரைத் தேர்ந்தெடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

உயர்நிலைப் பள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒன்றை மட்டும் காதில் போட்டுவைக்கிறேன். 1997 சட்டப்படி டெக்சஸ் பள்ளிகளில் வகுப்பின் முதல் பத்து சதவீதத்தினருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம், ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் (யு.டி.) மட்டும் 2026 சேர்க்கை முதல் ஐந்து சதவீதம். சிறிய சார்ட்டரில் கடைசி வகுப்பில் நாற்பது பேர் என்றால் அந்த ஐந்து சதவீதம் இரண்டே பேர். அந்த இரண்டில் ஒருவராக வர, கடைசிவரை தாக்குப்பிடித்த 39 பிள்ளைகளோடு போட்டி.

சேர்ப்பதென்று முடிவானால் காகித வேலை சுலபம்தான்: பிறப்புச் சான்று அல்லது பாஸ்போர்ட், லீஸ் அல்லது கரண்ட் பில், தடுப்பூசி அட்டை. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டால் பரவாயில்லை, பள்ளியே ஓர் எண் கொடுக்கும். இப்போதுதான் ஊரிலிருந்து வந்திறங்கும் குடும்பங்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் அரசு தடுப்பூசி அட்டவணையில் சின்னம்மை ஊசியும் ஹெபடைட்டிஸ் ஏ ஊசியும் இல்லை, இங்கே இரண்டுமே கேட்பார்கள். வீட்டில் எந்த மொழி என்று கேட்கும் படிவத்தில் "தமிழ்" என்று எழுதத் தயங்காதீர்கள். ஆங்கிலத் திறனைச் சோதிப்பார்கள், அவ்வளவுதான்; கூடுதல் ஆங்கில வகுப்பு வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மகனை இப்போது அசைக்க மாட்டேன். தெரபி நடக்கிறது, பள்ளி பழகிவிட்டது, முதல் வகுப்பில் வாசிப்புத் தொடங்கும் நேரம். அவனை மேலே கொண்டுவர அக்காவை அங்கே சேர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அவள் ஆறாம் வகுப்பு அவளுடையது. மகள் விஷயத்தில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. டேப்பர் அறிக்கையில் மேல் வகுப்புகள் சுருங்காமல் இருந்து, ஆர்கெஸ்ட்ரா இருந்து, கார் கணக்கும் ஒத்துவந்தால் சேர்க்கலாம், கல்யாணத்துக்குப் போன இடத்திலிருந்து அவளை மட்டும் முன்னதாகக் கூட்டிவர யாராவது இருந்தால்! இல்லாவிட்டால் உங்கள் டிஸ்ட்ரிக்ட் மிடில் ஸ்கூலே போதும்.

பள்ளியை இன்னொரு முறை போய்ப் பாருங்கள், பெற்றோரை அழைத்துச் சுற்றிக்காட்டும் "ஓப்பன் ஹவுஸ்" நாளில் வேண்டாம், சாதாரண நாளில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையேடு, விடுப்பு விதி, ஆர்கெஸ்ட்ரா, ஆறாவதில் இடம் காலியான காரணம் ஆகிய நான்கையும் ஈமெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராத பள்ளி, நாளைக்கு உங்கள் மகளைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான் இருக்கும்.